அடையாள அட்டையும் அச்சமும்: சிரம்பான் வழக்கின் வழியே திருநங்கையர் மனநலம்

பொது இடத்தில் பெண்ணுடை அணியும் முஸ்லிம் ஆணுக்கு ஆயிரம் ரிங்கிட் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தின் 1992-ஆம் ஆண்டு ஷரியா குற்றவியல் சட்டத்தின் 66-ஆம் பிரிவு. அதை எதிர்த்துத் திருநங்கையர் தொடுத்த வழக்கைச் சிரம்பான் உயர் நீதிமன்றம் 2012 அக்டோபரில் தள்ளுபடி செய்தது. 2014 நவம்பர் 7 அன்று, நீதிபதி முகமட் ஹிஷாமுடின் முகமட் யூனுஸ் தலைமையிலான மேல்முறையீட்டு நீதிமன்ற அமர்வு அப்பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்றது. பதினோரு மாதமே அந்த நிம்மதி. 2015 அக்டோபர் 8 அன்று, வழக்கு தொடுக்கப்பட்ட முறை தவறு என்று கூறிக் கூட்டரசு நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது.

2014 தீர்ப்பை மனநல நோக்கில் மீண்டும் படிக்க வேண்டும். மனுதாரர்களுக்குப் 'பாலின அடையாளக் கோளாறு' உண்டு என்ற மருத்துவச் சான்றை அது பெரிதும் சார்ந்திருந்தது. உரிமை பெற, நோயாளி என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனால் அந்த நோய்ப்பெயரை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-லேயே கைவிட்டிருந்தது. உலக சுகாதார அமைப்பும் 2019-இல் ஏற்ற நோய் வகைப்பாட்டில் திருநர் நிலையை மனநோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அப்படியானால் திருநங்கையரிடம் காணும் மனச்சோர்வும் பதற்றமும் எங்கிருந்து வருகின்றன?

இலான் மேயர் 2003-இல் விரித்துரைத்த 'சிறுபான்மையர் மன அழுத்தம்' என்ற கோட்பாடு இங்கே உதவும். தன்பால் ஈர்ப்பாளர்களை வைத்து அவர் எழுதியதைப் பிற்கால ஆய்வாளர்கள் திருநருக்கும் விரித்தனர். நடந்துவிட்ட அவமதிப்பைப் போலவே, இனி நடக்கக்கூடும் என்ற எதிர்பார்ப்பும் மனத்தை அரிக்கிறது என்பது அதன் கூறுகளுள் ஒன்று. ஓயாத விழிப்பு, மறைத்து வாழ்தல், ஊர் சொல்லும் இழிவைத் தானே நம்பிவிடுதல் ஆகியவை அதிலிருந்து கிளைக்கின்றன.

சிரம்பான் வட்டாரத் தமிழ்த் திருநங்கையருள் இந்துக்களை 66-ஆம் பிரிவு கட்டாது. ஆயினும் தெருவில் நடந்து செல்பவளின் மதத்தை யார் அறிவார்? அதை நிறுவ அவள் ஐ.சி. என்னும் அடையாள அட்டையை நீட்ட வேண்டும். அதன் பன்னிரண்டாம் இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். சட்டத்திலிருந்து காக்கும் அட்டையே அவளை ஆண் என்று அறிவிக்கிறது. வங்கியிலும் வாடகை வீட்டு வாசலிலும் இதே நிலைதான். கிளினிக்கில் அப்பா வைத்த பெயரை உரக்கக் கூப்பிடும்போது, காத்திருப்போர் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தக் கூப்பிடலுக்கு அஞ்சிக் காய்ச்சலோடு வீட்டிலேயே கிடப்பவளை எந்தச் சட்டமும் கைது செய்யவில்லை. அவளுடைய உடல்நலம் மட்டும் கெடுகிறது.

தோட்டத்து லயத்தில் வளர்ந்தவளுக்கு இந்த விழிப்பு புதிதன்று. ஒரே சுவருக்கு இருபுறமும் இரு குடும்பங்கள் வாழும் இடத்தில் இரகசியம் நிலைக்காது. டவுனுக்குப் போனால் ஊர் வாயிலிருந்து தப்பலாம். ஆனால் சோர்ந்த வேளையில் ஒரு வாய்ச் சோறு போடும் அக்காவும் அத்தையும் அங்கே இல்லை. ஏச்சைவிட இந்த உறவிழப்பே ஆழமான காயம் என்பது என் கருத்து.

அட்டையைத் திருத்தலாமே என்றால், 2005-இல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் ஒருவருக்கு அதை அனுமதித்தது; ஈப்போவில் இன்னொருவருக்கு மறுக்கப்பட்டது. எந்த நீதிபதி அமைவார் என்பதைப் பொறுத்து ஒருவரின் பாலினம் தீர்மானமாகும் நாட்டில் பதற்றத்தை நோய் என்று எப்படிச் சொல்வது?

தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவை நீக்க நாடாளுமன்றம் 2023-இல் ஒப்புதல் அளித்தது. உதவி தேடி வருவோர் இனிக் குற்றவாளிகள் ஆகமாட்டார்கள். ஆனால் திருநங்கை மருத்துவமனை முகப்பில் முதலில் நீட்ட வேண்டியது அந்த அட்டையைத்தான்.