பனிச்சரிவில் உண்மை வேகம் எவ்வளவு?



ஆண்டிறுதி விடுமுறைக்குக் கொரியா சென்று திரும்பிய கிள்ளான் பெற்றோர் ஒருவர், தம் மகன் பனிச்சரிவில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் சறுக்கியதாகப் பெருமையுடன் கூறினார். அவர் பொய்யுரைக்கவில்லை. காதருகே காற்று இரையும்போது எவர்க்கும் அப்படித்தான் தோன்றும்.

பனிச்சறுக்கு வேகத்தை அளக்கும் வேட்கை பழையது. 1930இல் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்சில் ஆஸ்திரியர் குஸ்தாவ் லாண்ட்ஷ்னர் 105 கிலோமீட்டரைக் கடந்தார். 2023இல் பிரான்சின் சிமோன் பில்லி எட்டியதோ 255.5! நம் நாட்டின் ஜெஃப்ரி வெப் 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் சறுக்கியதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

இவையெல்லாம் வீரர்களின் கணக்கு. பொழுதுபோக்காகச் சறுக்குவோரின் நிலை என்ன? 2005இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், நடுத்தரச் சரிவுகளில் ரேடார் கருவிகொண்டு 650 முறை அளந்தனர். சராசரி வேகம் 43 கிலோமீட்டரே. இரட்டைப் பலகையினர் 44.5, ஒற்றைப் பலகையினர் 38.9. மாணாக்கர்க்கு விளக்க ஓர் ஒப்பீடு: 2009இல் பெர்லினில் உசேன் போல்ட் தொட்ட உச்ச வேகம் ஏறத்தாழ 44.7. ஆக, விடுமுறைக்குச் சென்ற சிறுவனும் போல்ட்டின் வேகத்தில் மரத்தின்மீது மோதக்கூடும்.

அவ்வாய்வில் தலைக்கவசம் அணிந்தோர் 45.8 வேகத்திலும் அணியாதோர் 41 வேகத்திலும் சென்றனர். கவசம் துணிவூட்டியதோ, விரைவோர்தாம் கவசம் நாடினரோ, அறியோம். ஐரோப்பியத் தரச் சோதனையில் அக்கவசத்தை ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழச்செய்கின்றனர். தரையைத் தொடும்போது அதன் வேகம் 20 கிலோமீட்டரைக்கூட எட்டுவதில்லை.

இக்கணக்கை அத்தந்தையிடம் கூறி, மகன் கவசம் அணிந்திருந்தானா என வினவினேன். வாடகை மிகுதி என்று எடுக்கவில்லையாம்.