உட்லண்ட்ஸ்: மடத்துப் பந்தியிலிருந்து மேசைக்கு

சென்னை ராதாகிருஷ்ணன் சாலையில் உள்ள நியூ உட்லண்ட்ஸ், உடுப்பிச் சமையலை உயர்தர உணவகத்தின் மேசைக்குக் கொண்டுவந்த ஒரு குடும்பத்தின் நிறுவனம். அதைத் தோற்றுவித்தவர் தென் கன்னட மாவட்டத்துக் கடந்தலே என்னும் சிற்றூரில் பிறந்த கே. கிருஷ்ண ராவ்.

உடுப்பி ஓட்டல்களின் வேர் மடத்துப் பந்தியில் இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் மத்வர் உடுப்பியில் நிறுவிய கிருஷ்ணன் கோயிலின் பூசையை எட்டு மடங்கள் முறைவைத்து நடத்துகின்றன. 2 ஆண்டுக்கு ஒருமுறை பொறுப்பு கைமாறும். முறை ஏற்கும் மடம் வருவோர்க்கெல்லாம் சோறிட வேண்டும். வெங்காயமும் பூண்டும் சேர்க்காமல், விரத மாதங்களில் விலக்கிய காய்களையும் பருப்புகளையும் தவிர்த்து, பெருங்கூட்டத்துக்கு ஒரே பக்குவத்தில் ஆக்கிப் போடும் தேர்ச்சி அங்கே வளர்ந்தது. கல்யாண வீட்டு ஆக்குப்புரையைப் பார்த்து வளர்ந்த நாஞ்சில் நாட்டாருக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. நாஞ்சில் நாட்டு அவியலுக்கும் எரிசேரிக்கும் போலவே உடுப்பிச் சமையலுக்கும் தேங்காய்தான் ஆதாரம். சாம்பாரில் சேரும் சிறுதுண்டு வெல்லமே உடுப்பிக் கையைக் காட்டிக்கொடுக்கும்.

வறுமையும் 1923-ஆம் ஆண்டுப் பெருவெள்ளமும் தென் கன்னடக் கடற்கரை மாவட்டத்து இளைஞர் பலரைப் பம்பாய்க்கும் சென்னைக்கும் துரத்தின. கையில் முதல் இல்லாதவர்களுக்குத் தெரிந்த தொழில் சமையல். கிருஷ்ண ராவும் சென்னையில் ஓட்டல் அடுக்களையில் எடுபிடி வேலையில்தான் தொடங்கினார். பின்னர் சொந்தமாக ஓட்டல் நடத்தி, மவுண்ட் ரோட்டில் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ண விலாஸைத் திறந்தார். மாவரைப்பதிலிருந்து கல்லாப்பெட்டி வரை ஒவ்வொரு வேலையையும் தாமே செய்து அறிந்த முதலாளி என்பதுதான் அவருடைய பெரிய பலம்.

1938-இல் ராயப்பேட்டையில் இராமநாதபுரம் அரசருக்குரிய ‘உட்லண்ட்ஸ்’ மாளிகையைக் குத்தகைக்கு எடுத்து, தங்கும் அறைகளோடு ஓட்டல் நடத்தினார். வீட்டின் பெயரே ஓட்டலின் பெயராயிற்று. வழிப்போக்கர் அவசரமாகப் பசியாறும் இடமாக இருந்த சைவ ஓட்டல், குடும்பத்தோடு சென்று அமர்ந்து உண்ணும் இடமானது இங்கேதான். உயர்தர விருந்து என்றாலே மதுவும் மாமிசமும் கொண்ட ஐரோப்பிய முறை என்றிருந்த நகரத்தில், இட்லியையும் தோசையையும் வைத்தே அந்த மதிப்பைப் பெற்றது சிறிய சாதனையன்று.

அக்காலத்து ஓட்டல் வரலாற்றில் மறைக்கக் கூடாத ஒரு பகுதியும் உண்டு. சென்னை மாகாணத்தின் பல ஓட்டல்களில் பிராமணர்க்குத் தனி இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. சுயமரியாதை இயக்கம் இதைத் தொடர்ந்து எதிர்த்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, உணவகங்களில் சாதியின் பெயரால் எவரையும் தடுக்கக் கூடாது என்றது. அதன் பிறகும் பெயர்ப்பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை நீக்கக் கோரி, 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு பெரியார் மறியல் தொடங்க வேண்டியிருந்தது. மடத்துப் பந்தியின் உணவு எல்லாருக்கும் உரிய மேசைக்கு வந்து சேர இவ்வளவு போராட்டம் தேவைப்பட்டது.

1950-களின் தொடக்கத்தில் நியூ உட்லண்ட்ஸ் எழுந்தது. திருமண மண்டபமும் அறைகளும் கொண்ட அந்த வளாகம், விசேஷம் முழுவதையும் ஒரே கூரையின் கீழ் நடத்தித் தந்தது. 1962-இல் கதீட்ரல் சாலைத் தோட்டத்தில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் தொடங்கியது. அமெரிக்காவில் பரவியிருந்த முறைப்படி, மர நிழலில் நிற்கும் காரின் கதவிலேயே தட்டை மாட்டிப் பரிமாறினார்கள். கார் இல்லாதவர்க்கு உள்ளே கூடம் இருந்தது. மாணவர், எழுத்தாளர், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி, சினிமாக்காரர் என எல்லாரும் ஒரு காப்பியோடு மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். எழுந்து போகச் சொல்வாரில்லை. சென்னையின் எந்த ஆடம்பர உணவகமும் இந்த அளவுக்கு மக்களின் அன்பைப் பெற்றதில்லை.

கிருஷ்ண ராவ் 1990-இல் காலமானார். அதன்பின் பிள்ளைகள் நிறுவனத்தைக் கவனித்தனர். தோட்டம் குத்தகை நிலம் என்பதால் அரசு அதை மீட்டுக்கொள்ள, டிரைவ்-இன் 2008-இல் மூடப்பட்டது. அந்த இடத்தில் செம்மொழிப் பூங்கா 2010 நவம்பர் 24 அன்று திறக்கப்பட்டது. பழைய மரங்கள் பல இன்னும் அங்கே நிற்கின்றன.