உயர்செறிவு மின்னிறக்க விளக்குகளின் ஒளி வெளியீடு

உயர்செறிவு மின்னிறக்க விளக்குகள், குழலுக்குள் அடைபட்ட உலோக ஆவியில் மின்வில்லை மூட்டி ஒளி தருபவை. பாதரச ஆவி, உயர் அழுத்த சோடியம், உலோக ஹாலைடு ஆகிய மூன்றும் இவற்றில் முதன்மையானவை. ஒளியின் அலகு லுமென். ஒரு வாட் மின்சாரத்துக்கு எத்தனை லுமென் கிடைக்கிறது என்பதே ஒப்பீட்டின் அடிப்படை. பழைய குண்டு பல்பு வாட்டுக்கு ஏறத்தாழ 15 லுமென் தந்தது.

அமெரிக்கரான பீட்டர் கூப்பர் ஹெவிட் 1901இல் குறைந்த அழுத்தப் பாதரச ஆவி விளக்குக்குக் காப்புரிமை பெற்றார். 1930களில் உயர் அழுத்த வகை தெருக்களுக்கு வந்தது. 400 வாட் பாதரச விளக்கு சுமார் 22,000 லுமென் தரும். அதன் நீலப்பச்சை ஒளியில் சிவப்பு மிகக் குறைவு. மனித முகம் வெளிறித் தெரியும். வெளிக்குமிழின் உட்புறம் பாஸ்பர் பூசி இக்குறையை ஓரளவு சரிசெய்தனர்.

பகல் வெளிச்சத்துக்குப் பழகிய கண் 555 நானோமீட்டர் அலைநீளத்தை மிக நன்றாக உணரும். சோடியத்தின் மஞ்சள் ஒளி அதற்கு அருகில், 589 நானோமீட்டரில் இருப்பதால் லுமென் கணக்கில் முந்துகிறது. ஆனால் உயர் அழுத்தச் சோடிய ஆவி குழலின் குவார்ட்சை அரித்துவிடும். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ராபர்ட் கோபிள் 1950களில் உருவாக்கிய ஒளி ஊடுருவும் அலுமினா பீங்கான் இத்தடையை நீக்கியது. 1960களின் நடுவில் விற்பனைக்கு வந்த உயர் அழுத்தச் சோடிய வகையில் 400 வாட் விளக்கு இன்று சுமார் 50,000 லுமென் தருகிறது. ஆனால் அதன் பொன்மஞ்சள் வெளிச்சத்தில் நிறங்களைப் பிரித்தறிவது கடினம்.

அதே நிறுவனத்தின் கில்பர்ட் ரெய்லிங் 1961இல் உலோக ஹாலைடு விளக்குக்குக் காப்புரிமை கோரினார். பாதரசத்துடன் சேர்த்த சோடியம், ஸ்காண்டியம் அயோடைடுகள் வில்லின் நடுவில் பிரிந்து உலோகம் ஒளிர்கிறது. குழலின் சுவரருகே அவை மீண்டும் இணைந்துவிடுவதால் குவார்ட்ஸ் தப்புகிறது. 400 வாட் விளக்கு ஏறத்தாழ 36,000 லுமென் வெள்ளொளி தரும். வண்ணம் முக்கியமான விளையாட்டரங்குகள் இதையே நாடின.

பட்டியல்களில் அச்சிடப்படும் தொடக்க லுமென், விளக்கை 100 மணி நேரம் எரித்த பிறகு அளந்தது. அதன் பின் ஒளி குறைந்துகொண்டே போகும். சோடியம் தன் ஒளியை நன்கு காக்கும். உலோக ஹாலைடு வேகமாக இழக்கும். பாதரச விளக்கோ மங்கிய பின்னும் அணையாமல் பல ஆண்டுகள் எரியும். விளக்கின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சோக் உண்ணும் மின்சாரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அது விளக்கின் வாட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு.

ஒளி கிடைக்கும் வேகமும் வேறுபடும். அணைந்த உலோக ஹாலைடு விளக்கு ஆறினால்தான் மீண்டும் பற்றும். நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோம் அரங்கில் அமெரிக்கக் கால்பந்தின் 2013 சூப்பர் பௌல் போட்டியின் நடுவே மின்சாரம் தடைபட்டபோது ஆட்டம் 34 நிமிடம் நின்றது. விளக்குகள் முழு ஒளிக்குத் திரும்ப எடுத்த நேரமும் அதில் அடங்கும்.

வாட்டுக்கு 100 லுமெனுக்கு மேல் தந்து உடனே எரியும் எல்இடி விளக்குகள் இன்று மூன்றையும் பின்தள்ளிவருகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் பாதரச ஆவி விளக்குகளைப் புதிதாகச் சந்தைக்கு விடுவதை நிறுத்தியது.