முழுமையிலிருந்து ‘முதலியன’ வரை: ‘எல்லாம்’ என்னும் சொல்லின் பொருள் வரலாறு
வேலூர் – ஆம்பூர் தோல் தொழில் வட்டாரத்தை முன்வைத்து

ஆங்கிலத்தின் ‘ஆல்’ என்பதற்குத் தமிழில் ‘எல்லாம்’ என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிறோம். ஆனால் வீட்டுக்கு வந்தவரிடம் “காபியெல்லாம் குடிச்சாச்சா?” என்று கேட்கும்போது எந்த முழுமையைப் பற்றியும் நாம் பேசவில்லை. “அதெல்லாம் ஒண்ணுமில்ல” என்பதிலும் “அவனெல்லாம் ஒரு ஆளா?” என்பதிலும் எண்ணுவதற்கே எதுவும் கிடையாது. மிச்சமின்றி முழுவதையும் குறித்த சொல் எப்படி இங்கே வந்து சேர்ந்தது, அது விட்டுச்சென்ற எண்ணிக்கைப் பணியை எந்தச் சொற்கள் ஏற்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரம் இதற்கு நல்ல களம். அங்கே தோல் தொழிலில் தமிழும் தக்கினி உருதும் தெலுங்கும் ஏற்றுமதி ஆங்கிலமும் ஒரே கூரையின் கீழ்ப் புழங்குகின்றன. ‘எல்லாம்’ என்றால் எவ்வளவு என்பது அங்கே காசு சம்பந்தப்பட்ட கேள்வி.

1. இலக்கணம் இட்ட வரம்பு

தொல்காப்பியம் இச்சொல்லைப் பல இடங்களில் கவனிக்கிறது; அவற்றுள் இரண்டு இங்கே முக்கியம். எழுத்ததிகார உருபியலில், வேற்றுமை உருபு சேரும்போது அஃறிணைக்கு ‘வற்று’, உயர்திணைக்கு ‘நம்’ என்று சாரியை பிரிக்கிறது. முன்னது எல்லாவற்றையும்; பின்னது எல்லாநம்மையும். ‘எல்லாவற்றையும்’ பேச்சில் ‘எல்லாத்தையும்’ ஆகி இன்றும் வாழ்கிறது. ‘எல்லாநம்மையும்’ வழக்கொழிந்து, அதன் இடத்தில் ‘நம் எல்லோரையும்’ நிற்கிறது.

சொல்லதிகாரப் பெயரியல் இன்னும் நுட்பமான ஒன்றைச் சொல்கிறது. உயர்திணையில் ‘எல்லாம்’ வரவேண்டுமானால் பேசுகிறவனும் அந்தக் கூட்டத்துக்குள் இருக்கவேண்டும். ‘நாமெல்லாம் போவோம்’ என்பது சரி. ‘அவர்களெல்லாம் போனார்கள்’ என்பதற்கு அந்த விதியில் இடமில்லை. சாரியை ‘நம்’ என்று அமைந்ததற்கும் இதுவே காரணம்.

நன்னூலில் இந்த வரம்பு இல்லை. தன்மைப் பெயர்களையும் முன்னிலைப் பெயர்களையும் அடுக்கிய பின், ‘எல்லாம்’ மூவிடத்துக்கும் பொது என்று பவணந்தி முடித்துவிடுகிறார். நன்னூலை எழுதுவித்தவன் சீயகங்கன் அமராபரணன் என்கிறது அதன் சிறப்புப்பாயிரம். மூன்றாம் குலோத்துங்கன் காலத்தவனான இவன் பெயர், வேலூரை அடுத்த திருவல்லத்துக் கோயில் கல்வெட்டிலும் வருகிறது. ஆக, இந்த வரம்பு தளர்ந்ததைப் பதிவுசெய்த இலக்கணத்தின் புரவலனுக்கு இந்த வட்டாரத்தோடு தொடர்பு உண்டு. பேசுகிறவன் தன்னைச் சேர்த்துக்கொள்ளாமலே பிறரை ‘எல்லாம்’ என்று தொகுக்க முடிந்தது முதல் நெகிழ்வு. ‘அவனெல்லாம்’ என்ற இன்றைய இளக்காரத்துக்கு வழி திறந்ததும் இதுவே.

2. சாசனங்கள் தேடிய மாற்று

நிலக்கொடை எழுதியவர்கள் ‘எல்லாம்’ என்ற ஒரு சொல்லை நம்பி விட்டுவிடவில்லை. பல்லவர், சோழர் காலச் சாசனங்களில் நிலத்தைச் சொல்லும்போது நன்செய், புன்செய், மனை, மரம், கிணறு என்று அடுக்கி, உடும்பு ஓடியதும் ஆமை தவழ்ந்ததும் ‘எப்பேர்ப்பட்டதும்’ என்று வளைத்து, ‘உண்ணிலம் ஒழிவின்றி’ என்று முடிப்பார்கள். உடும்பு ஓடுவது மேட்டு நிலம். ஆமை தவழ்வது நீர்ப்பாங்கான நிலம். முழுமையை வாயால் சொன்னதோடு நில்லாமல், விலக்கு எதுவும் இல்லை என்பதையும் தனியே எழுதிவைத்தார்கள்.

பின்னர் இப்பணியை வடசொற்கள் ஏற்றன: வரிவிலக்குக்குச் ‘சர்வமானியம்’, உரிமைக்குச் ‘சகல’. இன்றும் கிரயப் பத்திரத்தில் ‘சர்வ சுதந்திர பாத்தியங்களுடன்’ என்ற தொடரைக் காணலாம். ‘எல்லா உரிமைகளுடன்’ என்று எழுதினாலும் பொருள் அதுதான். எழுத்தர் மனம் ஒப்பமாட்டார்.

3. ‘அனைத்து’ ஏறிவந்த படி

அரசாணைத் தமிழில் இன்று கோலோச்சும் சொல் ‘அனைத்து’. இது தொடக்கத்தில் முழுமையைக் குறிக்கவில்லை. ‘அத்தன்மையது’, ‘அவ்வளவு’ என்பதே பொருள். 34ஆம் குறளில் வரும் ‘அனைத்து’ என்பதற்குப் பரிமேலழகர் ‘அவ்வளவு’ என்றே உரை காண்கிறார். சுட்டிக்காட்டிய ‘அவ்வளவும்’ என்பது நாளடைவில் ‘இருக்கும் அவ்வளவும்’ ஆகி, பின் ‘முழுவதும்’ ஆயிற்று.

இது தமிழின் தனிப்போக்கு அன்று. தெலுங்கில் ‘அன்னி’ என்பது ‘அத்தனை’ என்றும் பொருள்படும், ‘எல்லாம்’ என்றும் பொருள்படும். கூடவே தெலுங்கு, ஆட்களுக்கு ‘அந்தரு’, பொருள்களுக்கு ‘அன்னி’ என்று திணை பிரிக்கிறது. உருதின் ‘சப்’ இரண்டுக்கும் ஒன்றே. தமிழ் நடுவில் நிற்கிறது: ‘எல்லாரும்’ ஆட்களுக்கு மட்டும், ‘எல்லாம்’ இரண்டுக்கும். மூன்று மொழியும் கலந்து பேசும் ஆம்பூர்த் தெருவில் இந்த மூன்று அமைப்பும் ஒருசேரக் காதில் விழும்.

4. டேனரி வாசலில் இரண்டு கேள்விகள்

பேச்சுத் தமிழில் பொருளைப் பிரிப்பது சொல் நிற்கும் இடம். டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், ஒரு மேஸ்திரி கேட்கக்கூடிய இரண்டு கேள்விகளை எடுத்துக்கொள்வோம்:

“தோலெல்லாம் டிரம்முல போட்டாச்சா?”
“எல்லாத் தோலும் டிரம்முல போட்டாச்சா?”

முதல் கேள்வி வேலையைப் பற்றியது. தோல் போடுவது, தண்ணீர் விடுவது, மருந்து கலப்பது என்று அந்தக் கட்டத்தின் வேலைகள் முடிந்தனவா என்று விசாரிக்கிறது. இரண்டு தோல் வெளியே கிடந்தாலும் ‘ஆச்சு’ என்று பதில் வரலாம். இரண்டாவது எண்ணிக்கையைப் பற்றியது. ஒரு தோல் மிஞ்சியிருந்தாலும் ‘ஆச்சு’ என்பது பொய்.

பெயருக்குப் பின்னால் ஒட்டும் ‘எல்லாம்’ தளர்ந்து ‘லாம்’ ஆகி, ‘முதலியன’ என்ற பொருளுக்கு வந்துவிட்டது. பெயருக்கு முன்னால் வரும் ‘எல்லா’, பின்னால் ‘உம்’ என்ற காவலோடு வருவதால் கறாராக நிற்கிறது. முழுமைப் பொருளை இன்று தாங்குவது, இலக்கணம் முற்றும்மை என்று சொல்லும் இந்த ‘உம்’தான்.

கேள்விச்சொல்லோடு சேரும்போது இதே ‘எல்லாம்’ பன்மையைத் தருகிறது: யாரெல்லாம், என்னவெல்லாம், எங்கெல்லாம். இந்திய ஆங்கிலத்தின் ‘ஹூ ஆல் கேம்’ என்ற தொடர் இந்த அமைப்போடு அப்படியே பொருந்துகிறது. எதிர்த்திசையில் ‘ஆல் பாஸ்’, ‘ஆல் இன் ஆல்’ என்று ஆங்கிலச் சொல்லும் தமிழுக்குள் வந்துவிட்டது. 1984இல் வெளிவந்த ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தின் ஆல் இன் ஆல் அழகுராஜாவைத் தெரியாதவர் குறைவு.

5. மறுப்பில் வரும் சிக்கல்

“எல்லாத் தோலும் தேறல.” ஒன்றுகூடத் தேறவில்லையா, சில தேறவில்லையா? தரம் பிரிக்கும் மேசையில் இந்த இரண்டுக்கும் விலை வேறு. ஆங்கிலத்தின் ‘ஆல்’ மறுப்போடு வரும்போதும் இதே தடுமாற்றம் உண்டு.

தொல்காப்பிய இடையியல் இதை முன்பே கண்டிருக்கிறது. முற்றும்மை சில இடங்களில் எச்சப் பொருளும் தரும் என்கிறது. ‘பத்தும் கொடால்’ என்பது உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு. பத்தையும் கொடாதே, சிலவற்றை நிறுத்திக்கொண்டு கொடு என்பது கருத்து. டேனரிப் பேச்சு இந்தச் சிக்கலைச் சொல்லை மாற்றித் தீர்க்கிறது: “ஒரு தோலும் தேறல” என்றால் அறவே இல்லை, “சிலது தேறல” என்றால் மீதி உண்டு.

6. 1996: விலக்கில்லாத ‘எல்லா’

இந்த வட்டாரத்தில் ‘எல்லா’ என்பதன் அளவு மிகக் கறாராகத் தீர்மானிக்கப்பட்ட இடம் ஒரு தீர்ப்பு. பாலாற்றையும் நிலத்தடி நீரையும் தோல் ஆலைக் கழிவு பாழாக்கியது குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. வட ஆற்காடு அம்பேத்கர், ஈரோடு பெரியார், திண்டுக்கல் அண்ணா, திருச்சி, செங்கை எம்.ஜி.ஆர். ஆகிய ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகள் எல்லாவற்றுக்கும் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையமோ தனிச் சாதனமோ அமைக்க 1996 நவம்பர் 30 வரை கெடு கொடுத்தது.

சுத்திகரிப்புச் சாதனம் ஏற்கெனவே வைத்துவிட்டோம் என்ற ஆலைக்கும் தப்ப வழியில்லை. கடந்தகால மாசுக்கு அதுவும் பொறுப்பு என்றது நீதிமன்றம். சாசனம் எழுதியவர் ‘ஒழிவின்றி’ என்று செய்ததையே இந்த விளக்கமும் செய்கிறது. ‘எல்லா’ என்று சொன்ன பிறகும், யார் நழுவக்கூடும் என்று எண்ணிப் பார்த்து அந்த வழியைத் தனியே அடைத்திருக்கிறது.

முடிவுரை

‘எல்லாம்’ மூன்று கட்டங்களைக் கடந்திருக்கிறது: பேசுவோனை உள்ளடக்கிய முழுமை, மூவிடத்துக்கும் பொதுவான முழுமை, பேச்சுவழக்கின் ‘முதலியன’. ஒவ்வொரு கட்டத்திலும் அது நெகிழ நெகிழ, கறாரான கணக்கைச் சொல்ல மொழி வேறொன்றைத் தேடிக்கொண்டது: முற்றும்மை, ஒழிவின்றி, சர்வ, சகல, அனைத்து. இதில் கடைசியாக வந்த ‘அனைத்து’ என்பதும் இப்போது அதே வழியில் இறங்கத் தொடங்கிவிட்டது. ‘அனைத்து விதமான தோல் பொருட்களும் கிடைக்கும்’ என்ற விளம்பரப் பலகையைப் பார்க்கிற யாரும், உள்ளே உலகத்துத் தோல் பொருள் முழுவதும் இருப்பதாக நினைப்பதில்லை. செருப்பு, பெல்ட், பர்ஸ் ‘எல்லாம்’ இருக்கும் என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். ஒப்பந்தமும் ஆணையும் எழுதுகிறவர்கள் ‘அனைத்து’ என்ற சொல்லோடு நிறுத்திக்கொள்ளாமல், எது உள், எது வெளி என்று கூடவே எழுதிவைப்பது நல்லது.