எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே

முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் எங்கள் காலத்துப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. அதற்கு மேல் வேண்டுமென்றால் டி.சி. வாங்கிக்கொண்டு அடுத்த ஊர் ஹைஸ்கூலுக்கு நடக்க வேண்டும். எட்டின் முடிவில் இ.எஸ்.எல்.சி. என்று ஒரு பொதுத்தேர்வும் இருந்தது. "எட்டுப் படிச்சாச்சுல்ல, போதும்" என்று வீட்டில் சொல்லிவிட அந்தச் சான்றிதழே தோதாகப் போயிற்று.

ஒன்பதாம் வகுப்பில் பிள்ளைகள் நின்றுபோனதற்கு இங்கிலீஷையும் கணக்கையும் காரணம் சொல்வார்கள். அவை மிரட்டியது உண்மைதான். ஆனால் அந்த வகுப்புகளுக்கே பாடம் நடத்தியவள் நான். மத்தியானச் சோறுதான் முதல் காரணம் என்பேன். 1956-ல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவு ஆரம்பப் பள்ளிகளுக்கானது. தட்டேந்திச் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை, ஹைஸ்கூலில் சேர்ந்ததும் தூக்குவாளியில் பழைய சோறு கொண்டு வரவேண்டும். வீட்டில் அதுவும் மிஞ்சாத நாட்களே அதிகம்.

வருகைப் பதிவேட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். காலையில் ஒரு சாய்கோடு போடுவோம். மதியம் அதன் குறுக்கே இன்னொன்று. ஒன்பதாம் வகுப்புப் பக்கத்தில் பல பெயர்களுக்கு நேரே ஒற்றைக் கோடுதான் நிற்கும். மணியடித்ததும் பசியோடு வீட்டுக்கு நடந்த பிள்ளை அன்று திரும்பாது. சில வாரம் இப்படிப் போகும். பிறகு காலைக் கோடும் இருக்காது.

1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும் முதலில் சின்னப் பிள்ளைகளுக்குத்தான். 1984 செப்டம்பரில்தான் பத்தாம் வகுப்பு வரை வந்தது. திட்டம் தொடங்கிய நாளைக் கொண்டாடுகிறவர்கள் இந்தச் செப்டம்பரை ஏன் மறந்தார்கள் என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு. எங்கள் பதிவேட்டில் இரண்டாவது கோடு விழத் தொடங்கியது அதன் பிறகுதான்.

பெண் பிள்ளைகளுக்குச் சோறு மட்டும் போதவில்லை. வயசுக்கு வருவதும் ஒன்பதாம் வகுப்பும் சேர்ந்தே வந்தன. கருவேலங்காட்டு வழியில் தனியாக அனுப்ப எந்தத் தாய்க்கு மனசு வரும்? 2001-02-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு அரசு சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. அதுவும் பிளஸ் ஒன்னுக்கு. ஒன்பதைத் தாண்டாதவளுக்கு அது எப்படிக் கிடைக்கும்? ஹைஸ்கூல் ஊருக்குள்ளேயே வருவதுதான் வழி. எங்கள் ஊர்க்காரர்கள் வீட்டுக்கு வீடு வசூலித்துப் அரசுக்குப் பங்குத்தொகை கட்டி, மனு மேல் மனு கொடுத்து எட்டாம் வகுப்புப் பள்ளியை ஹைஸ்கூலாகத் தரம் உயர்த்தினார்கள். அந்த வருஷம் எட்டு முடித்த பெண்கள் அத்தனை பேரும் ஒன்பதில் உட்கார்ந்தார்கள். முன்பே நின்று மிளகாய் பறிக்கப் போன இரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள்.