சாண எரிவாயுவின் மலிவு: கலனின் விலையும் கணக்கின் முறையும்

கிராமங்களுக்கான மாற்று எரிசக்தி குறித்த பேச்சு பெரும்பாலும் கருவியின் விலையில் தொடங்கி மானியத்தின் அளவோடு முடிந்துவிடுகிறது. ஒரு தொழில்நுட்பம் ஏழைக்குக் கட்டுபடியாகுமா என்பதை அறிய அது போதாது. அதன் பயன் யார் கணக்கில் ஏறுகிறது, உழைப்பு யார் தலையில் விழுகிறது என்பதையும் சேர்த்தே மலிவை மதிப்பிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். இதற்குச் சாண எரிவாயுவின் வரலாறு வலுவான சான்று.

விலை குறைந்த கதை

1960-களில் காதி கிராமத் தொழில் ஆணையம் பரப்பிய சாண எரிவாயுக் கலனில் வாயுவைத் தேக்கியது மிதக்கும் இரும்புக் கொப்பரை. செலவில் பெரும்பங்கை அதுவே விழுங்கியது, துருவும் பிடித்தது. 1978-இல் வந்த ஜனதா கலன் கொப்பரையை நீக்கிச் செங்கல் கவிகையை வைத்தது. 1984-இல் வந்த தீனபந்து கலன், கோளத் துண்டு வடிவத்தால் சுவரின் பரப்பைச் சுருக்கிச் செங்கல்லையும் சிமெண்டையும் மிச்சப்படுத்தியது. 1981-82-இல் சாண எரிவாயுவுக்கான தேசியத் திட்டம் தொடங்கியதிலிருந்து நாடெங்கும் சுமார் 50 லட்சம் கலன்கள் கட்டப்பட்டுள்ளன. விலையைக் குறைக்கும் வேலையைப் பொறியியல் செய்து முடித்துவிட்டது. ஆயினும் செயலற்றுக் கிடக்கும் கலன்கள் ஏராளம். காரணத்தை வேறிடத்தில்தான் தேட வேண்டும்.

விடுபட்ட வரவு

25 கிலோ பச்சைச் சாணம் ஏறத்தாழ ஒரு கன மீட்டர் வாயு தரும். அதே சாணத்தை வறட்டியாகத் தட்டினால் சுமார் 5 கிலோ தேறும். வறட்டி அடுப்பில் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கே பாத்திரத்தைச் சேர்கிறது. வாயு அடுப்பில் பாதிக்கு மேல் சேர்கிறது. கூட்டிப் பார்த்தால், கலனுக்குள் போகும் சாணம் வறட்டியைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு பயன்வெப்பம் தருகிறது. எரிந்த வறட்டியில் மிஞ்சுவது சாம்பல். கலனிலிருந்து வெளிவரும் கரைசலிலோ தழைச்சத்து அப்படியே நிற்கிறது. அதில் ஒரு பகுதி அம்மோனியமாக மாறியிருப்பதால் பயிர் விரைவில் எடுத்துக்கொள்ளும். வெயிலில் உலர்த்தினால் அதே பகுதி காற்றில் போய்விடும். ஆகவே கரைசலைப் பாசன வாய்க்காலில் நேரே கலப்பதோ, இலைதழையோடு மக்கச் செய்வதோ நல்லது. வாயுவை மட்டும் வரவு வைத்து உரத்தை விட்டுவிடும் கணக்கில் கலன் நட்டமாகத்தான் தெரியும்.

விடுபட்ட செலவு

2 கன மீட்டர் கலனுக்கு நாளொன்றுக்கு 50 கிலோ சாணமும் அதே அளவு தண்ணீரும் வேண்டும். நான்கைந்து மாடுகளின் சாணமும் மூன்று நான்கு குடம் தண்ணீரும் என்று இதைக் கொள்ளலாம். சுமப்பதும் கரைப்பதும் பெரும்பாலும் பெண்கள். இந்த உழைப்பு திட்ட அறிக்கைகளில் பொதுவாக ரூபாயாக எழுதப்படுவதில்லை. டிராக்டர் வந்து உழவு மாடு குறைந்த ஊர்களில் இரண்டு மாட்டு வீட்டுக்கு இக்கலன் பொருந்தாது. மாடே இல்லாத நிலமற்றவருக்கு மானியமும் எட்டாது.

புரா காட்டிய வழி

கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்திலுள்ள புரா என்ற சிற்றூரில் இந்த இரு கணக்குகளையும் நேராக்கிய முயற்சி நடந்தது. இந்திய அறிவியல் கழகத்தில் அமுல்ய ரெட்டி தொடங்கிய அஸ்த்ரா குழு அதை முன்னின்று நடத்தியது. ஊர் முழுவதும் சமைக்கும் அளவுக்குச் சாணம் இல்லை என்று தெரிந்ததும் குழு இலக்கை மாற்றிக்கொண்டது. 1987 முதல் வாயு ஒரு டீசல் எஞ்சினை ஓட்டியது. அதிலிருந்து கிடைத்த மின்சாரம் குடிநீரை இறைத்தது, வீடுகளுக்கு விளக்கேற்றியது. சாணம் கொண்டுவந்தவருக்குக் கிலோவுக்கு 2 பைசா சுமைகூலி கிடைத்தது. கரைசல் உரமாகத் திரும்பக் கிடைத்தது. மாடில்லாத வீட்டுக்கும் தண்ணீர் வந்தது. இவ்வாறு உழைப்புக்குக் கூலியும் உரத்துக்கு உரிமையும் சேவையில் எல்லாருக்கும் பங்கும் ஒரே ஏற்பாட்டுக்குள் அடங்கின.

அம்முயற்சி 1990-களைத் தாண்டி நீடிக்கவில்லை என்பது மறுப்பாக எழலாம். 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தால் சிலிண்டர் வீடு தேடி வரும்போது சாணம் எதற்கு என்றும் கேட்கலாம். முதல் மறுப்பு, இத்தகைய அமைப்புக்குத் தொடர்ந்த பொறுப்பும் நிதியும் வேண்டும் என்பதையே காட்டுகிறது. இரண்டாவதற்குப் பதில் நிலத்தில் இருக்கிறது: சிலிண்டர் அடுப்பை எரிக்கும், வயலுக்கு உரம் தராது.

முடிவு

இத்தகைய கணக்கைத் தொடர்ந்து எழுதும் அமைப்பு நமக்குப் புதிதல்ல. நம் பால் சங்கங்கள் நாள்தோறும் இருவேளை பாலை அளந்து, வீடுவாரியாகக் கணக்கெழுதிப் பணம் தருகின்றன. குஜராத்தின் ஜகரியாபுராவில் பெண்கள் தங்கள் வீட்டுக் கலனின் கரைசலைக் கூட்டுறவுக்கு விற்கிறார்கள். அளவையும் பேரேடும் தமிழ்நாட்டுச் சங்கங்களிலும் உண்டு. அவற்றில் கரைசலுக்கும் சுமந்தவரின் கூலிக்கும் ஒரு பத்தி சேர வேண்டும். அந்தப் பத்தி நிரம்பும் ஊரில்தான் சாண எரிவாயுவை மலிவானது என்று நேர்மையாகச் சொல்ல முடியும்.