பர்மிங்காம் வளர்த்த இசைக்குழு

இங்கிலாந்தின் பர்மிங்காம் தொழிற்சாலைகளுக்குப் பேர்போன நகரம். அங்கே நகராட்சிப் பணத்தில் இசைக்குழு நடத்த வேண்டும் என்று பாடுபட்டவர்களில் ஒருவர் நெவில் சேம்பர்லின். ஆம், பின்னாளில் பிரதமரான அதே சேம்பர்லின்தான்!

1920-ல் குழு பிறந்தது. அந்த நவம்பரில் எட்வர்ட் எல்கர் தன் படைப்புகளைத் தானே நடத்தினார். 1924 முதல் 1930 வரை ஏட்ரியன் போல்ட் தலைமை தாங்கினார். ஆனால் கலைஞர்களுக்கு முழுநேர வேலை கிடைத்தது 1944-ல்தான்.

1980-ல் 25 வயது சைமன் ராட்டில் பொறுப்பேற்றார். பெரிய வாய்ப்புகள் தேடி வந்தும் 18 ஆண்டுகள் அங்கேயே இருந்தார். குழுவின் புகழ் உலகெங்கும் பரவியது. 1991-ல் சிம்பொனி ஹால் என்ற புது அரங்கமே எழுந்தது. அவருக்குப் பின் ஒராமோ, நெல்சன்ஸ், மிர்கா என்று வரிசை நீண்டு, 2023-ல் கசுகி யமாதா வந்தார்.

அதே 2023-ல் நகராட்சி நிதி நெருக்கடியில் விழுந்தது. மானியத்தை முதலில் பாதியாக்கி, 2025-26-ல் முழுவதும் நிறுத்த முடிவெடுத்தது.

கணக்கேட்டில் மானியம் செலவுதான். ஆனால் நற்பெயரும் ஒரு சொத்து என்று கணக்குப்பதிவியல் சொல்கிறதே! நூறாண்டுகளாகச் சேர்ந்த அந்தச் சொத்தை எந்தப் பக்கத்தில் எழுதினார்கள்? நகரத்தின் பெயர் மட்டும் குழுவின் பெயரில் இன்னும் இருக்கிறது.